தொட்டிக்கு வராத பன்றி

பன்றிக்கு நோயே வராது, எதைத் தின்றாலும் செரித்துவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. சாக்கடையோரம் மேயும் கறுப்புப் பன்றியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. உண்மையில் பன்றி நோயைத் தாங்குவதைவிட நோயை மறைப்பதில்தான் கெட்டி. காய்ச்சல் கண்ட ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி நிற்பது எட்ட இருந்தே தெரியும். பன்றியோ மற்றவற்றோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். தூங்குகிறதா, சுருண்டு கிடக்கிறதா என்று பார்க்கிறவருக்குப் பிடிபடாது. அதன் குட்டு வெளிப்படுகிற இடம் தீவனத் தொட்டி. வாளிச் சத்தம் கேட்டதும் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வருவது பன்றியின் சுபாவம். அப்படி வராத பன்றிக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. அது வெயிலா, வயிறா, காலா, காய்ச்சலா என்பது அடுத்த கேள்வி. ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்ப்பவரானாலும் பத்துத் தாய்ப்பன்றி வைத்திருப்பவரானாலும், வாளியைக் கொட்டிவிட்டு உடனே திரும்பாமல் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதே முதல் வைத்தியம். அங்கே ஒன்று சோர்ந்திருந்தால், அதற்கான காரணத்தை ஊசியிலும் மாத்திரையிலும் தேடுவதற்கு முன்னால் வாளியிலும் தரையிலும் கூரையிலும் தேட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இதைச் சொல்ல வலுவான காரணம் இருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோவிலில் பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை நெடுகச் சிப்காட் தொழிற்பேட்டைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் ஆலைகளும் வந்தன. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வைக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 46-ஆவது பிரிவில் சொன்னது. ஆகவே மூன்று ஷிப்டுக்கும் உலை கொதிக்கிறது. தொழிலாளர் விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் கொதிக்கிறது. மிஞ்சியது எங்காவது போயாக வேண்டும். சென்னையைச் சுற்றியுள்ள பன்றி வளர்ப்பு இப்படி மிஞ்சும் சோற்றை நம்பித்தான் நடக்கிறது. பன்றி வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது என்பதால், கடையில் மூட்டையாக விற்கும் தீவனத்தை மட்டும் போட்டு வளர்ப்பது சிறிய ஆளுக்குக் கட்டுப்படியாகாது. ஆக, இங்குள்ள பன்றி தின்பது ஆலைத் தொழிலாளியின் தட்டில் மிஞ்சியதை. அவருடைய ஷிப்டும் விடுமுறையும் மாறும்போது அதன் வயிறும் ஆட்டம் காண்கிறது.

முதலில் உப்பு. பன்றிக்கு உப்பு விஷம் என்பார்கள். அது பாதிதான் உண்மை. குடிக்க நல்ல தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால், கூடுதல் உப்பைப் பன்றி சிறுநீரில் கழித்துவிடும். ஊறுகாயும் அப்பளமும் கருவாட்டுக் குழம்பும் விழுந்த சோற்றைத் தின்றபின், குழாய் அடைத்தோ தொட்டி காய்ந்தோ ஒரு நாள், ஒன்றரை நாள் தண்ணீர் இல்லாமல் போனால் கதை வேறு. முதலில் தாகம், மலச்சிக்கல், தீனியில் நாட்டமின்மை. பிறகு கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், நாயைப்போல் பின்பக்கம் உட்கார்ந்து தலையை மேலே வெட்டி வெட்டி இழுக்கும், வலிப்பு வரும். இதை வெறி என்றும் காற்று கருப்பு என்றும் சொல்லிவிடுவது எளிது. இன்னும் மோசம், காரணம் புரிந்தவர் பதறிப்போய்த் தொட்டி நிறையத் தண்ணீர் விடுவது. உப்பேறிய மூளைக்குள் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து வீக்கத்தைக் கூட்டும். கொஞ்சம் கொஞ்சமாக, சிறு இடைவெளி விட்டுத்தான் குடிக்க விட வேண்டும். கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். “கழுநீரே தண்ணீர்தானே, தனியாக எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கழுநீரே உப்புநீர் என்பதுதான் பதில். வளர்ந்த பன்றிக்கு நாளொன்றுக்குச் சுமார் பத்து லிட்டர் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும்.

அடுத்தது கழிச்சல். ஆயுத பூஜைக்கு ஆலையில் விருந்து நடந்தால் வாளி வழியும். மறுநாள் ஆலை பூட்டியிருந்தால் வாளி காலி. வயிறு முட்டத் தின்பதும் பட்டினி கிடப்பதும் அடுத்தடுத்து நடந்தால் பன்றியின் குடல் தாங்காது. அதிலும் புளித்த சோறு, பூசணம் பூத்த ரொட்டி, சோற்றோடு சேர்ந்து வரும் ஊறுகாய்ப் பாக்கெட், ரப்பர் பேண்ட், பல்குத்தும் குச்சி. வளர்ந்த பன்றிக்கு வரும் லேசான கழிச்சலுக்கு, அரை நாளோ ஒரு நாளோ வாளிச் சோற்றை நிறுத்தி, சுத்தமான தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொஞ்சம் தவிடும் வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். பால்குடிக் குட்டிக்கு இந்தக் கணக்கு ஆகாது. அதன் உடம்பில் இருக்கிற நீர் கொஞ்சம். ஒரே நாளில் வற்றி ஒட்டிப்போய்விடும். குட்டிக்குக் கழிச்சல் என்றால் அன்றே மருத்துவர். எந்த வயதிலானாலும் ரத்தம் கலந்து போனால் அதே பேச்சுதான்.

கூரைக்கு வருவோம். பன்றிக்கு வேர்வை மூலம் உடம்பைக் குளிர்விக்கும் வழி கிட்டத்தட்ட இல்லை. சேற்றில் புரள்வதை அழுக்கு மோகம் என்று நாம் ஏளனம் செய்கிறோம். நமக்கு வேர்வை செய்கிற வேலையை அதற்குச் சேறு செய்கிறது. சேறும் இல்லாமல், தகரக் கூரைக்கும் சிமெண்ட் சுவருக்கும் நடுவே கத்திரி வெயிலில் அடைத்து வைத்தால் மூச்சிரைக்கும், தீனியை ஒதுக்கும். பார்த்தால் காய்ச்சல் போலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. நிழலுக்கு ஓட்டி, கழுத்திலும் தோளிலும் சாதாரணத் தண்ணீரை மெல்ல ஊற்றி, காற்றோட்டத்தில் ஒரு மணி நேரம் விட்டால் வெயிலால் இரைத்தது அடங்கிவிடும். நோயால் இரைப்பது அடங்காது. ஐஸ் தண்ணீரைத் திடீரென்று மேலே கொட்டக் கூடாது. அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் தெர்மாமீட்டர். பன்றியின் இயல்பான உடல் வெப்பம் ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 101.5 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட். நம்முடைய 98.4-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு 102-ஐக் கண்டு அலற வேண்டியதில்லை. ஓய்வாகப் படுத்திருக்கும்போது 104-ஐத் தாண்டினால்தான் காய்ச்சல்.

வெண்பன்றிகளுக்கு வெயிலால் தோலும் வெந்துபோகும். அந்தச் சிவப்பைக் கண்டு நோய் என்று மிரள்பவரும் உண்டு, நோயின் சிவப்பைக் கண்டு வெயில் என்று விட்டுவிடுபவரும் உண்டு. இரண்டாவது தவறுதான் பெரிய விலை கேட்கும். வெயில் மேலிருந்து விழுகிறது. ஆகவே முதுகும் காதின் மேற்புறமும் சிவக்கும். காதின் நுனியிலும், வயிறு, தொடையின் உள்பக்கம் என்று வெயில் படாத இடத்திலும் செந்நீலமாகப் படர்ந்தால் அது ரத்தத்தில் பரவிய நோயின் அடையாளம். தோலில் சாய்சதுரக் கட்டம் கட்டமாகத் தடித்துச் சிவந்தால் எரிசிபெலஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். இவற்றைச் சின்ன உபாதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

தரையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேடிக்கை. இந்தச் சாலையில் லாரி லாரியாக இரும்பு போகிறது. இங்கே சிமெண்ட் தரையில் பிறக்கும் பன்றிக்குட்டிக்கு இரும்பு போதாமல் சோகை பிடிக்கிறது. குட்டிக்கு நாளொன்றுக்கு ஏழு மில்லிகிராம் அளவுக்கு இரும்புச்சத்து வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம் அளவுதான். மண்ணில் பிறந்த குட்டி மூக்கால் கிளறி மீதியை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சிமெண்டில் பிறந்ததற்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் காது வெளிறி, மயிர் சிலிர்த்து, கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் போடும் ஓர் இரும்பு ஊசியில் இது தீர்கிறது. ஊசியைக் குறை சொல்லும் கட்டுரையில் ஊசியைப் பரிந்துரைப்பது முரணாகப் படலாம். காரணம் தெரிந்து, நாள் தெரிந்து, அளவு தெரிந்து போடும் ஊசி வேறு. சோர்ந்து கிடக்கிறதே என்று எதையோ ஏற்றுவது வேறு. அதே தரையின் ஈரத்திலும் சொரசொரப்பிலும்தான் குளம்பு வெடிக்கிறது. நொண்டும் பன்றி தொட்டிக்குக் கடைசியாக வரும், வந்தாலும் இடிபட்டு ஒதுங்கும். அதன் குளம்பைக் கழுவிப் பார்த்தால் ஆணியோ கம்பித் துண்டோ அகப்படுவது இந்தத் தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஆச்சரியமில்லை.

சொறிக்கும் கொட்டகைக்கும் உள்ள உறவு நெருக்கமானது. சுவரில் ஓயாமல் தேய்த்துக்கொள்வதும் தலையை உதறுவதும் முதல் குறி. காதின் உள்பக்கம் பொருக்குத் தட்டியிருப்பது அடுத்தது. கண்ணுக்குத் தெரியாத உண்ணி தோலைத் துளைத்துக் குடியிருக்கிறது. இதற்கு ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் கழிவு இன்ஜின் ஆயிலைப் பூசும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. மெக்கானிக் கடைகளுக்குப் பஞ்சமில்லாத இந்த வட்டாரத்தில் அது கைக்கெட்டும் வைத்தியம்தான். எண்ணெய் உண்ணியை மூச்சடைக்க வைக்கலாம், ஒப்புக்கொள்வோம். கூடவே அதில் கரைந்திருக்கும் உலோகக் கழிவும் தோல் வழியாகவும் நக்குவதாலும் உடம்புக்குள் போகிறது; அந்த இறைச்சியை நாளை ஒருவர் சாப்பிடப் போகிறார். மருத்துவர் எடை பார்த்துப் போடும் ஐவர்மெக்டின் ஊசி, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை, கொட்டகையைச் சுரண்டிக் கழுவுவது, எல்லாப் பன்றிகளுக்கும் ஒரே சமயத்தில் செய்வது. இவ்வளவுதான் தேவை. ஒன்றுக்கு மட்டும் போட்டால் சுவரிலிருந்தும் அடுத்ததிலிருந்தும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை சொன்னதிலிருந்து ஒரு பொதுவான யோசனை கிடைக்கிறது. கொட்டகையில் எல்லாமே ஒரே நாளில் சோர்ந்தால் வாளியையும் தண்ணீரையும் கூரையையும் பாருங்கள். காரணம் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் சோர்ந்து, நாலு நாளாகியும் ஒன்றாகவே இருந்தால் அதன் காலையும் பல்லையும் காயத்தையும் பாருங்கள். ஒருவேளை மற்றவை அதைத் தொட்டியில் நெருங்க விடாமல் விரட்டுகின்றனவோ என்றும் பாருங்கள். இன்று ஒன்று, நாளை இரண்டு, மறுநாள் நாலு என்று ஏறினால் அது தொற்று. இந்த யோசனையில் ஓர் ஓட்டை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை: தொற்றும் முதல் நாளில் ஒன்றாகத்தான் தொடங்கும். அதனால்தான் சோர்ந்த ஒன்றை அன்றே தனியே கட்ட வேண்டும்; அதற்குத் தீனி போட்ட கையோடு மற்றவற்றிடம் போகக் கூடாது. புதிதாக வாங்கி வந்ததை நாலு வாரம் கலக்காமல் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். எது எப்போது தொட்டிக்கு வரவில்லை என்று ஒரு பழைய காலண்டர் தாளில் குறித்து வந்தாலே, மருத்துவர் வரும்போது அவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளுக்கு விடை கையில் இருக்கும்.

விற்கப்போகிற பன்றிக்கு இத்தனை கவனிப்பு எதற்கு, சோர்ந்தால் அன்றே தள்ளிவிட வேண்டியதுதானே என்பது எதிர்வாதம். தொழில் தெரிந்தவர்களே இதைச் சொல்வதால் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மேலே சொன்னவற்றில் காசு கேட்பது எது? தண்ணீர், கூரைமேல் நாலு தென்னங்கீற்று, ஈரச் சாக்கு, ஒரு தெர்மாமீட்டர், ஐந்து நிமிடப் பார்வை. காசு கரைவது மறுபக்கத்தில்தான். காரணம் தெரியாமல் மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக், பெரும்பாலும் பாதி அளவில், இரண்டு நாளோடு நிறுத்தப்படுகிறது. கிருமி சாகாமல் பழகிக்கொள்கிறது. மனிதர்களுக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கைகொடுக்கும் கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தரக் கூடாது என்று மத்திய அரசு 2019-இல் தடை போட வேண்டி வந்ததே, நிலைமை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்குச் சாட்சி. ஊசி போட்ட பன்றியை இத்தனை நாள் கழித்துத்தான் வெட்ட வேண்டும் என்று மருந்துப் புட்டியிலேயே அச்சிட்டிருக்கும். சோர்ந்ததும் ஊசி, தேறாவிட்டால் சந்தை என்று நடப்பவர் அந்த வரியைப் படிப்பதில்லை.

நோயைக் கண்டுகொள்ளாமல் தள்ளிவிடுவதில் இருக்கும் ஆபத்துக்கு வெளிநாட்டில் பெரிய உதாரணங்கள் உண்டு. 2001-இல் பிரிட்டனைக் கலக்கிய கோமாரி, நார்தம்பர்லாந்தில் ஹெடன் என்ற ஊரின் ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியதாகக் கண்டறியப்பட்டது. சரியாக வேகவைக்காத உணவுக்கழிவைப் போட்டதற்காகவும், நோயைத் தெரிவிக்காததற்காகவும் அந்தப் பண்ணைக்காரர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். அந்த நோயை அடக்க நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் 1998-99-இல் பன்றிகளுக்கு வந்தது வெறும் இருமல் மாதிரிதான் இருந்தது. பெரும்பாலான பன்றிகள் சாகவும் இல்லை. மனிதர்களுக்கு வந்த மூளைக்காய்ச்சலைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்தார்கள். அது நிபா என்று தெரிவதற்குள்ளும் தெரிந்த பின்னும் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பன்றி இருமினாலே நடுங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தூசியால் இருமும், ஈரத்தால் இருமும், புழுவால் இருமும். பல பன்றிகள் சேர்ந்து இருமுவதும், பராமரிப்பவருக்குக் காய்ச்சல் வருவதும் ஒரே வாரத்தில் நடந்தால் இரண்டையும் இணைத்து மருத்துவரிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கவலை ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நுழைந்து, 2022-இல் வயநாட்டுப் பண்ணைகளுக்கு வந்து, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. இந்த இடத்தில் தமிழில் ஒரு பெயர்க் குழப்பம். 2009-இல் மனிதர்களிடையே பரவிய எச்1என்1 ஃப்ளூவையும் பன்றிக் காய்ச்சல் என்றோம். பன்றிகளுக்கே வந்து, தடுப்பூசியால் தடுக்கக்கூடிய பழைய வைரஸ் நோயையும் பன்றிக் காய்ச்சல் என்கிறோம். இந்த ஆப்பிரிக்க நோய்க்கும் அதே பெயர். மூன்றும் வேறு வேறு வைரஸ்கள். ஆப்பிரிக்கக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது. பன்றிக்கு வந்தால் மருந்தும் இல்லை, நம் நாட்டில் புழக்கத்தில் தடுப்பூசியும் இல்லை. அது பரவும் வழிகளில் முக்கியமானது, நோயுற்ற பன்றியின் இறைச்சி மிச்சச் சோற்றோடு இன்னொரு பன்றியின் தொட்டிக்குப் போவது. ஆலைக் கேண்டீனில் பன்றிக்கறி அரிது. ஆனால் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் வந்து தங்கும் இந்த வட்டாரத்தில் பன்றி இறைச்சி பரிமாறும் உணவகங்கள் இருக்கின்றன. அவற்றின் வாளியும் கொட்டகைக்கு வர வாய்ப்பிருக்கிறது.

அப்படியானால் மிச்சச் சோற்றையே தடை செய்துவிடலாமே என்பார்கள் சிலர். பிரிட்டன் 2001-இல் அப்படித்தான் செய்தது. இங்கே அது செல்லுபடியாகாது என்று நினைக்கிறேன். தடை வந்தால் சோறு குப்பைமேட்டுக்குப் போகும், தெருப்பன்றியும் நாயும் அங்கே கூடும். சிறிய வளர்ப்பாளர் தொழிலை விட்டே போவார், அல்லது ஒளிந்து செய்வார். இரண்டுமே நோய்க்கு வசதி. நடக்கக்கூடிய வழி கொதிக்க வைப்பது. அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது, இறைச்சி கலந்த கழிவை 100 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்பதையே. அண்டாவும் விறகும் நேரமும் செலவுதான். அதில் வேகும்போதே கிளறுகிறவர் கண்ணில் ஊறுகாய்ப் பாக்கெட்டும் படும்.

கடைசியாக ஒரு நியாயமான குறை: பன்றி என்றால் வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் குறைவு, சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் வேறு. பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனாலும் 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி, அட்டவணையில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தால் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை; அரசு அழிக்கும் பன்றிக்கு இழப்பீடு தர ஏற்பாடும் இருக்கிறது. ஒளித்து வைத்துச் செத்த பன்றிக்கு இழப்பீடு கிடையாது. ஆலோசனைக்கு வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பன்றி ஆராய்ச்சிப் பிரிவு காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. பூந்தமல்லி காட்டுப்பாக்கம் அல்ல. பொத்தேரிக்கு அருகே, ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே திரும்பினால் வரும் காட்டுப்பாக்கம். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கலாம். கேண்டீன் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாக்கெட்டுகளுக்கும் குச்சிகளுக்கும் இறைச்சி மிச்சத்துக்கும் சோற்று வாளியோடு சேராமல் தனித்தனி வாளி வையுங்கள்.